சமநிலையும் பற்றின்மையும்: தொடங்குகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே.’ ஆட்டோவின் முதுகில் இருந்து நகைக்கடைக் காலண்டர் வரை இந்த வரி இருக்கிறது. படிக்கிறவருக்கு உடனே ஒரு நியாயமான கேள்வியும் வரும்: பலனை எதிர்பார்க்காமல் யாராவது முந்திரித் தோப்புக்கு மருந்தடிப்பார்களா? சம்பளத்தை எதிர்பார்க்காமல் யாராவது கடலூர் சிப்காட்டுக்கு நைட் ஷிப்ட் போவார்களா?

கீதை இரண்டாம் அத்தியாயத்தின் 47ஆம் சுலோகத்தில் இருந்து எடுத்த வரி அது. சுலோகத்துக்கு நான்கு பாகம் உண்டு, காலண்டருக்கு வந்து சேர்ந்தது பாதிதான். வேலை செய்ய மட்டுமே உனக்கு உரிமை. பலனில் ஒருபோதும் இல்லை. பலனுக்கு நீயே காரணம் என்று ஆகிவிடாதே. நான்காவது பாகத்தை யாரும் அச்சடிப்பதில்லை: சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே. அடுத்த சுலோகம், வேலை பலித்தாலும் பலிக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருந்து செய், அந்தச் சமநிலைக்குத்தான் யோகம் என்று பெயர் என்கிறது.

இதில் திட்டம் போடாதே என்று எங்கும் இல்லை. ஏக்கருக்கு எத்தனை மரம், எப்போது கவாத்து, யாரிடம் போட்டால் விலை கட்டும் என்று கணக்குப் பார்ப்பதும் வேலையில் சேர்ந்ததுதான். விடச் சொல்வது ஒன்றே ஒன்றை: ‘நான் இவ்வளவு செய்திருக்கிறேன், ஆகவே இது எனக்கு வந்தே தீரவேண்டும்’ என்ற பாத்தியதையை.

பலனுக்கு ஐந்து பங்காளிகள்

எங்கள் கணிப்பில், தொடங்குகிறவருக்கு 47ஆம் சுலோகத்தைவிடப் பயன்படுவது 18ஆம் அத்தியாயத்தின் 14ஆம் சுலோகம். எந்தச் செயலும் முடிவதற்கு ஐந்து காரணங்கள் சேரவேண்டும் என்று அது எண்ணிச் சொல்கிறது.

முந்திரியை வைத்தே பார்க்கலாம். முதலாவது அதிஷ்டானம், செயல் நிற்கும் இடம். சங்கரர் உடல் என்று உரை சொல்கிறார். தோப்புக்காரர் தன் செம்மண்ணையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது கர்த்தா, செய்கிற ஆள். மூன்றாவது கரணம், கருவிகள்: கண்ணும் கையும் தொடங்கி, தெளிப்பான், ஒட்டுக்கன்றின் ரகம் வரை. நான்காவது சேஷ்டை, தனித்தனி முயற்சிகள்: காய்ந்த கிளையை வெட்டியது, உரம் வைத்தது, துளிர்விடும்போதும் பூக்கும்போதும் தேயிலைக் கொசு வருகிறதா என்று பார்த்து மருந்தடித்தது. ஐந்தாவது தெய்வம். கடவுள் என்றோ விதி என்றோ அவரவர் நம்பிக்கைப்படி வைத்துக்கொள்ளலாம். நம் கணக்கில் சிக்காத அத்தனையும் அந்தப் பங்கில் அடங்கும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் நன்றாகப் பார்த்துக்கொண்ட தோப்பும் விழுந்தது, களை எடுக்காமல் கிடந்த தோப்பும் விழுந்தது. பலா மரங்களும் தப்பவில்லை. அப்படி ஒரு நாளில் ‘எல்லாம் என் தப்பு’ என்று தலையில் கைவைத்து உட்காருகிறவர் ஐந்தில் கர்த்தாவை மட்டும் பார்க்கிறார். ‘எல்லாம் தலையெழுத்து’ என்று புதுக் கன்று வைக்காமல் விடுகிறவர் தெய்வத்தை மட்டும் பார்க்கிறார். இரண்டு பேர் கணக்கிலும் நான்கு பங்கு விடுபட்டுப்போகிறது. தன்னை மட்டுமே செய்பவனாகக் காண்பவன் சரியாகக் காண்பதில்லை என்று 16ஆம் சுலோகமும் சொல்கிறது.

காய்ப்பு அள்ளிக்கொடுத்த வருஷத்துக்கும் இதே பங்குக் கணக்குதான். நஷ்டத்தில் எல்லோரும் தத்துவம் பேசுவார்கள். லாபத்தில் ஐந்து பங்கு வைப்பவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

பற்று எப்படி ஏறுகிறது

இரண்டாம் அத்தியாயத்தின் 62, 63ஆம் சுலோகங்களில் எட்டுப் படிகள் இருக்கின்றன. ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப நினைப்பது, அதில் ஒட்டுதல், ஒட்டுதலில் இருந்து ஆசை, ஆசை தடைப்பட்டால் கோபம், கோபத்தில் மதிமயக்கம், மயக்கத்தில் நினைவு தவறுதல், அதனால் புத்தி கெடுதல், கடைசியில் அழிவு. மனப்பாடம் செய்தால் போதாது, வீட்டுக்குள் ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலை. மகள் 600க்கு 512. அப்பாவுக்குச் சந்தோஷம்தான். அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் எதிர்வீட்டுப் பெண் 548 என்று வருகிறது. அவர் மனம் அந்த 548க்கே போய்ப் போய் வருகிறது: முதல் படி. இந்த எண்ணில்தான் நம் வீட்டு மரியாதையே இருக்கிறது என்று ஒட்டிக்கொள்கிறது: இரண்டு. நமக்கும் வந்திருக்கவேண்டும்: மூன்று. வராததற்கு ஒரு ஆள் வேண்டும், எதிரே மகள் நிற்கிறாள்: நான்கு. இனி எது முக்கியம், எது அற்பம் என்று பிரித்துப் பார்க்க முடியாது: ஐந்து. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் அவள் டெங்குவில் பத்து நாள் படுத்திருந்தது மறந்துபோகிறது: ஆறு.

“உனக்குக் கட்டின டியூஷன் காசெல்லாம் தண்டம்மா.”

“அப்பா, காலைல நீங்கதானே எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கணும்னு சொன்னீங்க?”

அவர் சொன்னது ஏழாவது படி. அதற்குப் பிறகு அவள் அவரிடம் மார்க்கைப் பற்றி மட்டுமில்லை, வேறு எதைப் பற்றியும் பேசுவதைக் குறைத்துக்கொள்வாள். எட்டாவது.

மகள் எடுத்த மதிப்பெண் காலையிலும் 512, மாலையிலும் 512. நடுவில் நடந்ததெல்லாம் அப்பாவின் மனதுக்குள். எங்கே வெட்டலாம் என்று கேட்டால், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். அங்கே வேலை சுலபம்: போனைக் கவிழ்த்து வைத்தாலே போதும். கோபம் வந்த பிறகு சுலோகம் உதவாது. அந்த நேரத்தில் செய்யக்கூடியது வாயை மூடிக்கொண்டு தெருமுனை வரை நடந்து வருவது மட்டுமே. பயிற்சி தோற்றுப்போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நான்காம் படியில் நின்று போராடுகிறவர்கள்.

உணர்ச்சி எங்கே போகும்?

எங்கும் போகாது. பற்றில்லாதவனுக்கு வலிக்காது, அழுகை வராது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் ஆகப் பெரிய தவறு. அதே அத்தியாயத்தின் 70ஆம் சுலோகம் நிலைகுலையாத மனதைக் கடலுக்கு ஒப்பிடுகிறது: நாலாபக்கமும் இருந்து ஆறுகள் வந்து விழுந்தாலும் நிலை மாறாத கடல். கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கெடிலமும் தென்பெண்ணையும் வந்து சேர்வது இங்கேதான். ஐப்பசி, கார்த்திகையில் சேறும் மரமுமாக வெள்ளம் வந்தாலும் கடல் வேண்டாம் என்று தள்ளுவதில்லை. வாங்கிக்கொள்கிறது, கரையை விட்டுக் கிளம்புவதில்லை. ஆசைகளும் துக்கங்களும் உள்ளே வருவதைச் சுலோகம் மறுக்கவே இல்லை.

இதே கெடிலக் கரையில்தான் திருவதிகை. சூலை நோயில் துடித்த நாவுக்கரசர் ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ என்று பாடிய தலம். தாங்க முடியவில்லை என்று வாய்விட்டுக் கதறும் பதிகம் அது. பிற்காலத்தில் அதே மனிதர், திருப்புகலூரில் உழவாரப் பணி செய்த இடத்தில் பொன்னும் மணியும் தோன்றியபோது, பருக்கைக் கற்களோடு சேர்த்து அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ‘ஓடும் செம்பொனும் ஒக்கவே நோக்குவார்’ என்று அடியார்களைப் பற்றிச் சேக்கிழார் பாடியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. வலி வலித்தது; பொன் இழுக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கமுடியும்.

அவருடைய அக்கா திலகவதியாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசவேண்டும். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோக, தாமும் உயிரை விடத் துணிந்தவர், தம்பி வாழவேண்டும் என்பதற்காக அந்த முடிவை மாற்றிக்கொண்டார். ‘அனைத்துயிர்க்கும் அருள்தாங்கி இம்பர்மனைத் தவம்புரிந்து’ இருந்தார் என்கிறார் சேக்கிழார். மனைத்தவம். காட்டுக்குப் போகவில்லை, தம்பியை விடவில்லை, தனக்கென்று எதையும் பிடித்துக்கொள்ளவும் இல்லை. பற்றின்மை என்றாலே காவி என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சொல்லோடு கொஞ்ச நேரம் இருக்கலாம்.

கருணை மட்டும் என்ன ஆகும் என்ற சந்தேகத்துக்கு வடலூர் பதில். ‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ என்ற வள்ளலார் 1867இல் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. கீதை 12ஆம் அத்தியாயத்தின் 13ஆம் சுலோகத்தைப் பாருங்கள்: எந்த உயிரையும் வெறுக்காதவன், நட்பும் கருணையும் உள்ளவன், ‘எனது’, ‘நான்’ இல்லாதவன், இன்ப துன்பங்களில் சமமானவன், பொறுமையுள்ளவன். கருணையும் சமநிலையும் ஒரே மூச்சில் வருகின்றன. தன் நஷ்டத்தில் நிலையாக இருப்பது சமநிலை. பிறர் பசியைப் பார்த்துவிட்டு நிலையாக இருப்பதற்கு வேறு பெயர்.

மூன்று வழி

1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்து கடைசிவரை இங்கேயே இருந்த ஸ்ரீ அரவிந்தர், சமதையை, அதாவது சமநிலையை, அடைய மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டினார்: திதிக்ஷை, உதாசீனதா, நதி. திதிக்ஷை என்பது தாங்குவது. ‘குளிர், வெப்பம், சுகம், துக்கம் எல்லாம் புலன்கள் தொடுவதால் வருபவை, வரும், போகும், தாங்கிக்கொள்’ என்ற 2ஆம் அத்தியாயத்தின் 14ஆம் சுலோகம் இந்த வழி. கத்திரி வெயிலில் கரண்ட் போன மத்தியானம் நல்ல பயிற்சிக்களம். உதாசீனதா என்பது ஓரடி விலகி மேலிருந்து பார்ப்பது. அறிவு வழிக்காரர்களுக்கு ஒத்துவரும். நதி என்றால் இங்கே ஆறு இல்லை, பணிவது: வந்தது அவன் கொடுத்தது என்று ஏற்பது, பக்தர்களுக்கு இயல்பாக வரும்.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரிக் கெட்டுப்போகும். தாங்குவது இறுகி முரட்டுத்தனம் ஆகும். விலகுவது, வீட்டில் யார் அழுதாலும் ஏறெடுத்துப் பார்க்காத குளிர்ச்சி ஆகும். பணிவது, போய்ப் புகார் கொடுக்கவேண்டிய இடத்தில்கூட ‘அவன் செயல்’ என்று வாய்மூடி நிற்கும் கோழைத்தனம் ஆகும். எது தனக்குக் கைவருகிறதோ அதில் தொடங்கி, மற்ற இரண்டில் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சைவ சித்தாந்தம் இதையே இருவினையொப்பு என்று ஒரு கட்டமாக வைக்கிறது. பெண்ணாகடத்தில் பிறந்த மெய்கண்டார், திருத்துறையூர் அருணந்தி சிவம், சிதம்பரம் கொற்றவன்குடி உமாபதி சிவம் என்று அந்த மரபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்த வட்டாரத்து ஆட்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. புண்ணியமும் பாவமும் எடைக்கு எடை சரியாகிவிடுவதுதான் இருவினையொப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். நல்வினைப் பயனில் விருப்பும் தீவினைப் பயனில் வெறுப்பும் இல்லாமல் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் மனநிலையே அது. அதன் பிறகுதான் மலபரிபாகம் (உள்ளே உள்ள மலம் பக்குவப்படுவது), சத்திநிபாதம் (திருவருள் வந்து பதிவது) எல்லாம்.

செய்து பார்க்க

எதில் தொடங்குவது? ‘யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்’ என்ற குறளுக்கு, எல்லாவற்றையும் ஒரேயடியாக விடுவது தலைசிறந்தது, ஒவ்வொன்றாக விட்டாலும் அந்தந்தப் பொருளால் வரும் துன்பம் இல்லை என்று பரிமேலழகர் கருத்துச் சொல்கிறார். நமக்கு ஒவ்வொன்றுதான். பிள்ளைகள் மேலுள்ள பற்று, நிலத் தகராறு போன்ற பெரிய விஷயங்களில் கை வைக்காதீர்கள். முதல் வாரமே தோற்று, எல்லாம் சும்மா என்று விட்டுவிடுவீர்கள். போட்ட ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்று பார்ப்பது, காபி ஆறிப்போனால் வரும் எரிச்சல், பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காத கடுப்பு: இந்த அளவில் ஒன்றை எடுத்து ஒரு மண்டலம், 48 நாள், அதை மட்டும் பாருங்கள்.

வேலை தொடங்கும் முன் ஒரு வாக்கியம்: இதில் என் கையில் இருப்பது இது. முடிவு வந்தவுடன் இன்னொரு வாக்கியம், நடந்ததை மட்டும்: ‘மூட்டைக்கு 300 ரூபாய் குறைந்திருக்கிறது.’ ‘என்னை ஏமாற்றிவிட்டார்கள்’ என்பது நடந்ததோடு நீங்கள் சேர்த்தது. உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பத்து நிமிஷம் கழித்துச் சேருங்கள். அந்தப் பத்து நிமிஷம் யாருக்கும் பதில் போடவேண்டாம், போன் பண்ணவேண்டாம். ராத்திரி படுக்கும் முன், அன்று மனதை ஆட்டிய ஒரே ஒரு விஷயத்தை நோட்டில் ஐந்து பங்காகப் பிரித்து எழுதுங்கள். ஆள், கருவி, முயற்சி என்ற பங்குகளில் நாளை மாற்றக்கூடியது ஏதாவது இருந்தால் குறித்துவையுங்கள். தெய்வத்தின் பங்கைப் படித்துவிட்டு நோட்டை மூடிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது நல்லபடி முடிந்த ஒன்றையும் இப்படிப் பிரிக்கவேண்டும். இதை விட்டுவிட்டால் பயிற்சி வெறும் ஆறுதல் மருந்தாகச் சுருங்கிவிடும்.

தேறுகிறோமா என்பதைக் கோபம் வந்ததா இல்லையா என்று பார்க்காதீர்கள். வந்த கோபம் எவ்வளவு நேரம் தங்கியது என்று பாருங்கள். மாலை வரை இருந்தது மதியச் சாப்பாட்டோடு போனால் அதுவே முன்னேற்றம்.

எங்கே கெடும்

மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம் என்று மூன்றை நம் பெரியவர்கள் கேலியாகச் சொல்வார்கள். சுடுகாட்டில் இருந்து திரும்பிக் குளித்ததும் போய்விடுவது, பிள்ளை முகம் பார்த்ததும் போய்விடுவது, கதாகாலட்சேபம் முடிந்து செருப்பைத் தேடும்போதே போய்விடுவது. காரணம் எளியது: அதிர்ச்சி இருந்தது, பழக்கம் இல்லை. மனதை அடக்க அப்பியாசமும் (விடாத பழக்கம்) வைராக்கியமும் (பற்றை விடுவது) சேர்ந்தே வேண்டும் என்று கீதையும் (6.35) பதஞ்சலியின் யோக சூத்திரமும் (1.12) சொல்கின்றன. அப்பியாசம் வேர்விட நெடுங்காலம், இடைவிடாமை, மதிப்போடு செய்தல் மூன்றும் வேண்டும் என்கிறார் பதஞ்சலி. நடைமுறையில் பலருக்கு நழுவுவது நடுவில் உள்ளது.

இரண்டாவது கேடு நுட்பமானது. வைராக்கியத்துக்கு யோக உரைகள் நான்கு படி சொல்லும். யதமானம்: முயற்சி தொடங்குவது. வியதிரேகம்: எது விட்டுப்போனது, எது பாக்கி என்று பிரித்தறிவது. ஏகேந்திரியம்: வெளியே எல்லாம் நின்று, மனதில் மட்டும் ஏக்கம் இருப்பது. வசீகாரம்: அதுவும் அடங்குவது. மூன்றாம் படியில் நின்றுகொண்டு நான்கில் இருப்பதாக நினைப்பவர்கள் அதிகம். புரட்டாசி முழுக்க மீன் தொடாதவர் ஐப்பசி முதல் தேதிக்காக நாள் எண்ணினால், அவர் மூன்றாம் படியில் இருக்கிறார். தவறில்லை, தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். பட்டினி கிடப்பவனிடம் இருந்து புலன்கள் நாடும் பொருள்கள் விலகும், ருசி மட்டும் தங்கும் என்று கீதையே (2.59) ஒப்புக்கொள்கிறது. தெரியாமல் போனால், வெளியே அடக்கி உள்ளே அதையே நினைத்திருக்கும் மித்தியாசாரத்தில் (3.6) போய் முடியும்.

இன்னொன்று, தத்துவத்தைப் பிறர் மேல் பிரயோகிப்பது. சாவு வீட்டில் ‘பிறந்தவர் இறப்பது நிச்சயம்’ என்று ஆரம்பிப்பவரை எல்லா ஊரிலும் பார்க்கலாம். சமநிலை தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் ஒழுங்கு. இழந்தவருக்கு வேண்டியது கூட உட்கார ஒரு ஆள், ஒரு டம்ளர் காபி.

கடைசியாக, சோம்பலுக்கும் மனச்சோர்வுக்கும் சமநிலை என்று பெயர் வைத்துக்கொள்வது. 18ஆம் அத்தியாயம் 26 முதல் 28 வரை மூன்று வகைக் கர்த்தாக்களைக் காட்டுகிறது. சாத்துவிகன் பற்றும் நான் என்ற பேச்சும் இல்லாதவன், பலித்தாலும் பலிக்காவிட்டாலும் மாறாதவன். ஆனால் உறுதியும் உற்சாகமும் நிறைந்தவன். ராஜசன் பலனுக்கு அலைந்து மகிழ்ச்சியிலும் சோகத்திலும் புரள்பவன். தாமசன் சோம்பேறி, எப்போதும் வாடியவன், இன்று முடியவேண்டியதை இழுத்துக்கொண்டே போகிறவன். சாத்துவிகனும் தாமசனும் வெளியில் ஒரே மாதிரி அமைதியாகத் தெரியலாம். உற்சாகம் இருக்கிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதனால் ‘எனக்கு எதிலும் பிடிப்பில்லை’ என்று ஒருவர் சொன்னால், ஞானம் வந்துவிட்டது என்று பாராட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். தூக்கமும் பசியும் ஒழுங்காக இருக்கிறதா? முன்பு பிடித்த காரியத்தைச் செய்ய உடம்பு எழுகிறதா? இரண்டுக்கும் இல்லை என்று சொல்லி, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், அவருக்கு இப்போது வேண்டியது மனநல மருத்துவர். புதுச்சேரி ஜிப்மரில் அதற்கென்று தனித் துறை இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையைக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். நோட்டும் ஐந்து பங்குக் கணக்கும் அவர் தேறி வந்த பிறகு.